அல்ப் மேட்டில் ஊற்றிவிட்ட தண்ணீர்

சைக்கிள் பயணத்தில் பின்னால் வரும் வானுக்குள் ஏறவே மாட்டேன் என்று நான் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜேர்மனியில், வுப்பர்டாலில் எங்கள் வீட்டுக் குசினியில், கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தபோது. என் கணவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மூண்டாம் நாள் பின்னேரம் நீர் என்ரை வானுக்குள்ளைதான் இருப்பீர். எழுதித் தாறன்."

"இருந்தால் அதுக்குப் பிறகு சைக்கிளே தொடமாட்டன்," என்றேன். என் வாய் அப்படி. நான் யோசித்து முடிப்பதற்குள் அது தன் வேலையை முடித்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்தேன். இல்லத்தின் தலைமைத் தாதி ஈர்க்கு மாதிரி மெலிந்த மனுஷி. ஒவ்வோர் ஆகஸ்டிலும் வேலையாட்களில் விருப்பமானவர்களைச் சேர்த்து ஐந்து நாள் சைக்கிள் பயணம் கூட்டிப்போவார். பின்னால் ஒரு வான் வரும். உடுப்புப் பைகள், சாப்பாடு, தண்ணீர், மாற்று ரியூப் எல்லாம் அதில். ஏலாதவர்கள் சைக்கிளைக் கூரையில் கட்டிவிட்டு ஏறிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று தாதி சொல்வார். சொல்லும்போது அவருடைய புருவம் மட்டும் வேறு கதை சொல்லும்.

அந்த வருடம் வழமையாக வான் ஓட்டுகிறவர் காலை முறித்துக்கொண்டார். என் கணவரிடம் லைசன்ஸ் இருந்தது. அவர் சமையல் செய்த இத்தாலியச் சாப்பாட்டுக்கடை ஆகஸ்டில் மூன்று கிழமை பூட்டு. "உன்ரை மனுசனைத் தருவியோ?" என்று தாதி கேட்டார். "என்னையும் சேத்து எடுத்தால் தருவன்," என்றேன். இப்படித்தான் எனக்கு இடம் கிடைத்தது. ஜேர்மன்காரர் பேசியதை எங்கள் வாயில் வருகிற மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் ஜேர்மனும் அன்றைக்கு அவ்வளவு திறமில்லை.

வானுக்குள் ஏறுவதில் எனக்கு என்ன வில்லங்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெறும் வாய்க்காரி என்று நினைப்பீர்கள். வாய்க்காரிதான், அது வேறு விசயம். இந்த நாட்டுக்குள் நான் வந்ததே ஒரு வானுக்குள். ஏஜென்சிக்காரன் எங்கள் ஒன்பது பேரையும் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் படுக்கவைத்தான். எந்த நாடு, எந்த எல்லை என்று ஒன்றும் தெரியாமல் கொண்டுவந்து இறக்கினான். அதற்குப் பிறகு, அகதி வழக்கு முடியும்வரை, மூன்று வருடம் நகர எல்லையைத் தாண்டுவதற்கு அலுவலகத்தில் அன்ராக், அதாவது விண்ணப்பம், போட்டு அனுமதி எடுக்க வேண்டும். அடுத்த நகரத்தில் இருந்த என் மச்சாள் பிள்ளை பெற்றபோதும் அன்ராக் போட்டேன். அனுமதிக் கடிதம் வந்தபோது பிள்ளை தவழத் தொடங்கியிருந்தது. கடைசியில் எனக்கும் ஒரு நீலப் பயணப் புத்தகம் கிடைத்த நாளில் நான் நினைத்தது ஒன்றுதான். இந்த நாட்டில் ஒரு துண்டையாவது என் சொந்தக் காலால் ஓடிக் கடக்க வேண்டும். ஒருவரும் என்னை ஏற்றி இறக்கக்கூடாது.

தெற்கே அல்ப் என்ற மேட்டுநிலத்துக்குச் சைக்கிள்களோடு ரயிலில் போய் இறங்கினோம். நாங்கள் பதினொரு பேர். என் கணவர் முதல்நாளே வானோடு வந்து காத்திருந்தார். முதல் ஏற்றம் ஏறி மேலே வந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அது எவ்வளவு அபூர்வம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வுப்பர்டாலில் எங்கே பார்த்தாலும் மலைச்சரிவும் வீடும்தான். இங்கே வானம் நிலம்வரை இறங்கிக் கிடந்தது. காய்ந்த புல். முழங்கால் உயரத்திலிருந்து ஆள் உயரம்வரை முள்ளுப் பற்றைகள். வயல்களில் விதைத்ததைவிடக் கல் அதிகம். ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு ட்ராக்டர் வரும், அதுவும் கையசைத்துவிட்டுப் போய்விடும்.

எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்கு ஓடிய சைக்கிள், மண்ணெண்ணெய்க் கானோடு ஓடிய சைக்கிள், தங்கச்சியைப் பின்னால் வைத்து ஓடிய சைக்கிள் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பின்னால் ஒரு பாரமும் இல்லாமல், போக வேண்டிய அவசரமும் இல்லாமல், சும்மா ஓடுவதற்காகவே ஓடியது அதுதான் முதல் தடவை. வளைந்த கைபிடியுள்ள பழைய ரேஸ் சைக்கிள், என் கணவரின் உதைபந்தாட்டக் காற்சட்டை, தலையில் கோப்பை மாதிரி ஒரு தொப்பி. இந்தக் கோலத்தில் நான் வாய்விட்டுப் பாடிக்கொண்டு ஓடினேன். ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன.

என்னோடு கடைசியில் ஓடியவள் சலவைக்கூடத்தில் பக்கத்து மெசினில் நிற்கிற என் கூட்டாளி. ஐம்பத்தொன்பது வயது. நல்ல உடம்பு, அதைவிட நல்ல வாய். ஏற்றத்தில் மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போவார்கள், அவள் தன் முதல் புருஷனைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டு வருவாள். இரண்டாம் புருஷன் இறக்கங்களுக்கு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் சலவைக்கூடத்தில் மெசின்களின் சத்தமே கேட்காது என்று தாதி சொல்வார்.

மத்தியானங்களில் வான் ஏதாவது ஒரு மரத்தடியில் நிற்கும். என் கணவர் காஸ் அடுப்பில் சோறும் பருப்பும் காய்ச்சி, ஒரு பெரிய கானில் மோர் கரைத்து வைத்திருப்பார். வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. முதல்நாள் ஜேர்மன்காரர் அந்த மோரை மருந்து மாதிரிப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் கானுக்கு முன்னால் வரிசை. மூன்றாம் நாள் தாதி வரிசையில் இடம் பிடித்து வைக்க ஆள் விட்டார்.

அந்த மூன்றாம் நாள் பின்னேரம் நான் வேண்டுமென்றே வானை ஒட்டி ஓடி, மணியை அடித்து, என் கணவரின் ஜன்னலுக்குள் தலையை நீட்டினேன்.

"என்ன, நான் உள்ளுக்கை இருக்கிறனோ?"

"நாளைக்கும் ஒரு நாள் இருக்கு. பிறகு நாளையிண்டைக்கும் இருக்கு," என்றார் அவர். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. என் தலைக்கனம் ஏறியது அந்த இடத்தில்தான்.

நாலாம் நாள் காலை ஒரு பள்ளத்தாக்கு ஊரிலிருந்து வெளிக்கிட்டோம். திரும்பவும் மேட்டுக்கு ஏற வேண்டும். ஆறு கிலோமீற்றர் ஏற்றம். நாள் முடிவில் ஐந்து கிலோமீற்றர் இறக்கம், அதைப் பற்றி நான் இரண்டு நாளாகக் கதைத்துக்கொண்டிருந்தேன். ஏறத் தொடங்குமுன்பே ஒருவருடைய பின்சில்லு கம்பி முறிந்து நெளிந்துவிட்டது. சைக்கிளையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு வான் சைக்கிள் கடையைத் தேடிப் போனது. தாதி எங்களை ஊர்ச் சந்தித் தண்ணீர்த் தொட்டியடியில் நிற்கவைத்துச் சொன்னார்.

"வான் ரெண்டு மணித்தியாலம் பிந்தித்தான் வரும். மேலை இருபது கிலோமீற்றருக்கு ஒண்டும் இல்லை. எல்லாரும் ரெண்டு போத்தலும் நிரப்புங்கோ."

நிரப்பினோம். ஒரு கிலோமீற்றர் ஏறியதும் என் கூட்டாளி சைக்கிளை விட்டு இறங்கிவிட்டாள். அன்று எட்டு மணிக்கே வெயில் சுட்டது. "இந்தப் போத்தல் ரெண்டும் என்னைப் பின்னுக்கு இழுக்குது," என்றாள். மற்றவர்கள் வளைவுக்கு அப்பால் போய்விட்டார்கள். நான் ரோட்டோரத்தில் வெட்டியிருந்த மலையைப் பார்த்தேன். வெள்ளையாய், அடுக்கடுக்காய், பொருக்குப் பொருக்காய். கையை வைத்துப் பார்த்தேன். எங்கள் கல்! பிறந்ததிலிருந்து நான் மிதித்த கல்!

"இது சுண்ணாம்புக்கல்லு," என்றேன், பெரிய பேராசிரியர் மாதிரி. "சுண்ணாம்புக்கல் எண்டால் அடியிலை தண்ணி. எங்கடை ஊரிலை ஆறில்லை, குளத்தை நம்பி ஒருத்தரும் இல்லை. இருபது அடி கிண்டினால் கிணறு. வீட்டுக்கு ஒரு கிணறு, தோட்டத்துக்கு ஒரு கிணறு. மேலை போனவுடனை எங்கையும் கேட்டுக் குடிக்கலாம். ஒரு போத்தல் காணும். மற்றதை ஊத்து."

"தாதி ரெண்டு எண்டவ."

"தாதிக்கு மருந்து தெரியும். எனக்குக் கல்லுத் தெரியும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என்னோடு இன்னொரு சீவனையும் சேர்த்துக் கெடுத்தேன். ஊற்றுவதையாவது சும்மா ஊற்றினோமா? அவள் தலையில் நான் ஊற்ற, என் தலையில் அவள் ஊற்ற, நடுரோட்டில் இரண்டு பேரும் கீச்சிட்டுச் சிரித்தோம். எனக்கு இரண்டாம் முறை ஞானஸ்நானம் கிடைத்த மாதிரி இருந்தது. ஈரத் தலையோடு மிச்ச ஏற்றத்தைச் சிரித்துக்கொண்டே ஏறினோம்.

மேலே மரம் முடிந்தது. இடதுபக்கம் முழுக்க இராணுவப் பயிற்சி நிலம், உள்ளே வரக்கூடாது என்ற பலகைகள். சனிக்கிழமை என்பதால் வெடிச்சத்தம் இல்லை, ஆளும் இல்லை. வலதுபக்கம் கல்லும் புல்லும் முள்ளுப் பற்றையும். ரோட்டு நேராய்ப் போய் வெயிலில் நடுங்கியது. முதல் அரை மணித்தியாலம் எனக்கு அதுவும் சந்தோசம்தான். என் கண் மட்டும் கிணற்றுக் கட்டைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு வீடு தெரியட்டும், ஒரு வாளி தெரியட்டும் என்று. பத்துக் கிலோமீற்றர் தாண்டியபோது போத்தலில் இரண்டு மிடறு இருந்தது. வீடும் இல்லை, வாளியும் இல்லை.

கடைசியில் ஓர் ஆட்டுமந்தை தெரிந்தது, மேய்ப்பன் ஒருவர், இரண்டு நாய்கள். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"கிணறு எங்கை இருக்கு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிணறோ? இஞ்சையோ? இருநூறு மீற்றருக்குக் கயிறு வைச்சிருக்கிறியோ?" அவருடைய தடி ஆடுமளவுக்குச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பெய்கிற மழையெல்லாம் இந்தக் கல்லின் ஓட்டைகளால் நேரே கீழே போய்விடும் என்றார். அவருடைய முப்பாட்டன் காலத்தில் பள்ளத்தாக்கிலிருந்து குதிரை வண்டியில் தண்ணீர் ஏற்றினார்களாம். இப்போது பம்ப் வைத்துக் குழாயில் அனுப்புகிறார்களாம், அதுவும் ஊர்களுக்கு மட்டும். அடுத்த ஊர் எட்டுக் கிலோமீற்றர்.

கல் ஒன்றுதான். ஆழம் வேறு. இருபது அடிக்காரி இருநூறு மீற்றருக்கு வந்து கதை அளந்திருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தேன். என் கூட்டாளி ஒரு பற்றையின் சின்ன நிழலில் இருந்தாள். கொஞ்ச நேரமாகவே அவள் ஒன்றும் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் புருஷனும் இல்லை, இரண்டாம் புருஷனும் இல்லை. முகம் சிவந்திருக்கவில்லை, சாம்பல் நிறம். கையைப் பிடித்தேன், பிசுபிசுவென்று குளிர்ந்திருந்தது. "எனக்குச் சுத்துது," என்றாள், சின்னக் குரலில். அந்தக் குரல் அவளுடையதே இல்லை.

நான் பயந்துபோனேன். வாழ்க்கையில் பயந்த இடங்கள் எனக்கு நிறைய இருக்கின்றன, ஆனால் அவற்றில் எதுவும் என் குற்றம் இல்லை. இது என் குற்றம். மிச்சமிருந்த இரண்டு மிடற்றை அவள் வாயில் விட்டேன். மேய்ப்பன் தன் பிளாஸ்கில் இருந்த அரைக் கோப்பைத் தேநீரைக் கொடுத்தார். நாய்களுக்கு வைத்திருந்த சட்டித் தண்ணீரில் என் கழுத்துத் துண்டை நனைத்து அவள் கழுத்தைச் சுற்றினேன். கால்களைத் தூக்கி என் தோளில் வைத்தேன். மடு மாதாவை அந்த ஜேர்மன் மேட்டுக்கு வரும்படி கூப்பிட்டேன், சத்தமாகவே.

முதலில் வந்தது தாதி. அடுத்த ஊரில் ஆட்களை எண்ணிப் பார்த்து, இரண்டு குறைய, தனியே திரும்பி ஓடி வந்திருக்கிறார். இறங்கியவுடன் நாடியைப் பிடித்தார், தன் போத்தலிலிருந்து சின்னச் சின்ன மிடறாகக் கொடுத்தார். பிறகு எங்கள் சைக்கிள்களைப் பார்த்தார்.

"மற்றப் போத்தல்?"

"ஊத்திப்போட்டம். நான்தான் ஊத்தச் சொன்னனான். மேலை கிணறு இருக்கும் எண்டு நான்தான் சொன்னனான்."

அவர் ஏசவில்லை. புருவம்கூட அசையவில்லை. ஏசியிருக்கலாம்.

பத்து நிமிடத்தில் வான் வந்தது. சில்லு முறிந்தவர், திருத்தி முடிந்ததும் ஓடி வருகிறேன் என்று கடையில் நின்றுவிட்டாராம். என் கணவர் ஒரு பார்வையில் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டார். மோர்க் கானோடு இறங்கி வந்தார். கோப்பையை என் கூட்டாளியின் வாயில் பிடித்துக்கொண்டே, என்னைத் திரும்பிப் பாராமல் கேட்டார்.

"என்ன செய்தனீர்?"

சொன்னேன்.

அவர் மன்னார் ஆள். தண்ணீரின் அருமை தெரிந்த ஊர். "யாழ்ப்பாணத்துக் கிணத்தை இஞ்சையும் காவிக்கொண்டு வந்தனீரோ?" என்றார். வேறு நாளாயிருந்தால் மன்னாரைப் பற்றி நான் பத்துச் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது கோப்பைக்குப் பிறகு என் கூட்டாளியின் முகத்தில் நிறம் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சைக்கிள் இன்றைக்கு வேண்டாம், கீழே கொண்டுபோய் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்றார் தாதி. பின் சீற்றில் கால் நீட்டிப் படுக்கவைக்க வேண்டும், தலையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

என் கணவர் என்னிடம் தமிழில், மெதுவாகச் சொன்னார். "தாதி வானிலை வரட்டும். அவவின்ரை சைக்கிளைக் கூரையிலை போடுவம். நீர் தண்ணியைக் குடிச்சிட்டு ஓடும். இன்னும் பதினேழு கிலோமீற்றர்தான்."

பந்தயம் பிடித்த மனுஷன், நான் தோற்கக்கூடாது என்று நிற்கிறார்! அந்த நிமிடம் எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. வானின் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டாய், சூடாய், மோரில் போட்ட வெங்காயத்தின் மணம். அந்த மணம் என்னை எங்கே கொண்டுபோயிருக்கும் என்று அவருக்கும் தெரியும். என் கால்கள் நல்லாய்த்தான் இருந்தன. ஓடியிருப்பேன். ஆனால் அவள் தலையை வேறொருவர் மடியில் வைத்துவிட்டு நான் ஓடினால், பிறகு எதைச் சொல்லிப் பெருமைப்படுவது?

அவளுடைய சைக்கிளோடு என் சைக்கிளையும் நானே கூரையில் ஏற்றிக் கட்டினேன். பிறகு உள்ளே ஏறி, அவளுடைய தலையை என் மடியில் வைத்தேன். கதவைச் சாத்தும்போது கண் கலங்கியது, மறைக்கவில்லை. தாதி முன்னால் சைக்கிளில் மற்றவர்களிடம் போய்விட்டார்.

வான் ஓடத் தொடங்கியது. நாலைந்து கிலோமீற்றர் அவள் கண்ணை மூடியிருந்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள்.

"நீ என்ன இதுக்குள்ளை?"

"உன்ரை தலையைப் பிடிக்கிறன்."

"நீ ஏறமாட்டன் எண்டனீயெல்லே?" பந்தயக் கதை பதினொரு பேருக்கும் தெரியும், நான் யாருக்குத்தான் சொல்லவில்லை?

"ஏறிட்டன்."

"விசரி," என்றாள். அதற்குப் பிறகு வாய் மூடவில்லை. என்னைத் திட்டினாள், என் ஊர்க் கிணறுகளைத் திட்டினாள், மேய்ப்பன் வடிவான ஆள் என்றாள். எனக்கு உயிர் வந்தது. அவள் பேசப் பேச நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

மேடு முடிந்து ரோட்டு கீழே விழுகிற இடத்தில் செங்குத்து இறக்கம் என்று ஒரு பலகை நின்றது. அதைக் கண்டதும் அவள் எழுந்து குந்தினாள்.

"நிப்பாட்டு!" என்று என் கணவரைப் பார்த்துக் கத்தினாள். அவர் பயந்து பிறேக் போட்டார். "இவளை இறக்கு. ரெண்டு நாளாய் இந்த இறக்கத்தைப் பற்றித்தான் கதைச்சவள். இதை விட்டிட்டு என்ரை தலையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தால் எனக்குத் திரும்பவும் சுத்தும்."

"உனக்கு ஆள் வேணும்," என்றேன்.

"எனக்கு மோர் வேணும். கான் பக்கத்திலை இருக்கு. போ!"

நாடியைப் பிடித்துப் பார்த்தேன், என்னவோ தாதிக்குப் படித்தவள் மாதிரி. துடிப்பு நிதானமாக இருந்தது. கை சூடாக இருந்தது. இறங்கினேன். இனிச் சைக்கிளே தொடமாட்டேன் என்று சொன்ன வாயை ஞாபகப்படுத்தாமல் என் கணவர் சைக்கிளை அவிழ்த்துத் தந்தார்.

ஐந்து கிலோமீற்றர்! முதல் வளைவிலேயே காடு என்னை விழுங்கியது. குளிர் காற்று காற்சட்டைக்குள் புகுந்து வெளியே வந்தது. கண்ணில் நீர், காதில் இரைச்சல், கை இரண்டும் பிறேக்கில். பயமாகவும் இருந்தது, நிறுத்தவும் மனமில்லை. பின்னால் வானின் ஜன்னலுக்கு வெளியே அவளுடைய தலை. "இடம்! வலம்! கவனம், விசரி!" என்று ஒவ்வொரு வளைவுக்கும் கத்திக்கொண்டு வந்தாள். நான் தமிழில் திரும்பக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அதுமாதிரி ஒரு சந்தோசம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

கீழே ஊரில் வைத்தியர் அவளைப் பார்த்து, படு, குடி, நாளைக்கு ஓடாதே என்றார். வெளியே வந்து, மற்றவர்கள் காத்திருந்த ஊற்றடிக்குப் போனோம். நீலப் பானை என்று அந்த ஊற்றுக்குப் பெயர். மலையடியில், மரங்களுக்கு நடுவே, நீலம் கரைத்து விட்ட மாதிரி அவ்வளவு பெரிய நீர். மேட்டில் பெய்கிற மழை கல்லுக்குள் போய் இங்கேதான் வெளியே வருகிறதாம். தாதி எனக்கென்றே அந்த விளக்கத்தை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். அப்போது புருவம் உயர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

என் கணவர் வானைப் பூட்டிவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். 

"நீர்தான் வெண்டது," என்றார். "நீர் ஏறினதை நான் காணேல்லை. நான் ரோட்டைத்தான் பாத்து ஓடினனான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொல்லாதேங்கோ. நான் ஏறினனான். பன்ரெண்டு கிலோமீற்றர் இருந்தனான்," என்றேன். "ஆனால் என்னை ஒருத்தரும் ஏத்தேல்லை. நானாத்தான் ஏறினனான்."

அவர் சிரிக்கவில்லை.

"ஓம்," என்றார்.